முப்பத்தொன்றுக்குப் பிறகு முப்பத்து மூன்று

"அப்ப உனக்கு எதுதாம்மா பிடிக்கும்?" என்று போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை. உன் அலுவலகத்தில் எல்லோரும் பார்ப்பதாகச் சொன்ன ஏதோ ஒரு தொடரைப் பற்றி நீ இரண்டு வாக்கியம் சொல்ல, நான் இருபது வாக்கியம் சொல்லி முடித்திருந்தேன். தட்டில் கையை வைத்துக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாய். தோசை ஆறுது, சாப்பிடு என்றேன். எனக்குப் பதில் தெரியவில்லை என்பதுதான் நிஜம். இந்த ஒரு மாதமாக யோசித்துப் பார்க்கிறேன், இப்போதும் தெரியவில்லை. பிடிக்காதவற்றைக் கேட்டிருந்தால் அன்றைக்கே அகர வரிசையில் சொல்லியிருப்பேன்.

நேற்று உன் அப்பா கடையிலிருந்து வந்து ஒரு விஷயம் சொன்னார். அந்த ஒலிநூல் கம்பெனி உனக்கு அடுத்த நாவலை வாசிக்கக் கொடுக்க முன்வந்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும், நீ முடியாது என்று சொல்லப் போகிறாய் என்றார். காரணம் கேட்டாராம். "வாசிக்க உக்காந்தா யாரோ ஒருத்தர் பக்கத்துல செவப்புப் பேனாவோட உக்காந்திருக்க மாதிரி இருக்குப்பா" என்றாயாம். அவர் அதை என்னிடம் வெகுளியாகத்தான் சொன்னார். நாளைக்குத் திங்கட்கிழமை. பதில் சொல்வதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், நான் செய்த காரியத்தையும் நாலு பேர் படிக்கும் இடத்தில்தான் செய்தேன்.

முதலில் என் அபிப்பிராயங்களைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்தவைதான், ஆனாலும் அவற்றை வரிசையாக வைத்தால்தான் நான் எங்கே விழுந்தேன் என்பது புரியும். காலத்தால் அழியாத நாவல்கள் என்று அலமாரியில் நிற்பவற்றில் பாதி, அழியாமல் இருப்பதற்கு ஒரே காரணம் யாரும் அவற்றைப் பிரிப்பதில்லை என்பதுதான். கே.கே. நகரில் நான் போகிற வீடுகளில் எல்லாம் அந்த ஐந்து தொகுதி, ஆறு தொகுதிப் பெட்டிகள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. கல்யாணத்துக்கு வந்தவை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் அடுத்த கல்யாணத்துக்குப் போகத் தயாராக இருக்கின்றன. பிரித்துப் படித்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. வாரப் பத்திரிகைக்காரன் இன்னும் இருபது வாரம் இழுக்கச் சொன்னதால் கதாநாயகி ஒரு படி இறங்க மூன்று பக்கம் எடுத்துக்கொள்வாள். நிலா வரும். நிலாவைப் பார்த்து அவள் நினைவு வரும். நினைவு முடிவதற்குள் தொடரும் போட்டுவிடுவார்கள். இதை நான் சொன்னால் என் அலுவலகத்தில் ஒருத்தி, "எனக்கு அந்தக் கதை உசுரு மேடம்" என்பாள். எந்தக் கட்டம் பிடிக்கும் என்று கேட்டால் படத்தில் வந்த பாட்டைச் சொல்வாள்.

படங்களைப் பற்றி உனக்குச் சொல்லவே வேண்டாம். நாவலைப் படமாக எடுக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எழுத்தாளன் ஓர் இடத்தில் வாயை மூடிக்கொண்டான் என்றால் இவர்களுக்குப் பொறுக்காது. அந்த இடத்தில் மழை பெய்ய வைப்பார்கள். பின்னணியில் நாற்பது வயலின். கதாநாயகி நாவல் முழுக்க அணிந்த ஒரே ஒரு மூக்குத்தி படத்தில் முழு நகைக்கடையாக மாறிவிடும். ஒலிநூல் இன்னொரு வகை. புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார நேரமில்லாதவர்களுக்கு, நேரமில்லை என்று சொல்லிக்கொள்வதில் உள்ள பெருமையையும் சேர்த்து விற்கும் சரக்கு. அதிலும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விட்டு, சாவையும் கல்யாணத்தையும் பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி கேட்கிறார்கள். வாசிக்கிறவர்களோ, கிழவி வந்தால் இருமுவார்கள், வில்லன் வந்தால் தொண்டையைச் செருமுவார்கள், அத்தியாயம் முடிந்தால் வீணை. கேட்பவனுக்குக் கற்பனை என்று ஒன்று இருக்கக்கூடும் என்ற சந்தேகமே அவர்களுக்கு வருவதில்லை.

இந்த அபிப்பிராயங்களுக்கெல்லாம் கீழே ஓர் அஸ்திவாரம் இருந்தது. நீ சிறுவயதிலிருந்து பார்த்த அந்தப் பச்சைக் காலிகோ பைண்டுதான் அது. அதைத் தொடுவதற்கு முன் கை கழுவச் சொல்வேன், நினைவிருக்கும். டி. கல்லுப்பட்டியில் என் அம்மா, கல்யாணமான புதிதில், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதை. அந்தத் தெருவில் மூன்று வீடு சேர்ந்து ஒரே ஒரு பத்திரிகை வாங்குவார்கள். மூன்று வீடும் படித்து முடித்த பிறகு பாகப்பிரிவினை நடக்கும். தொடர்கதை எங்கள் வீட்டுக்கு, தையல் பக்கம் எதிர்வீட்டு டீச்சருக்கு, சாமி படம் மூன்றாவது வீட்டுக்கு. கதை முடிந்ததும் அம்மா அந்தத் தாள்களைத் திருமங்கலத்தில் கொடுத்து பைண்டு பண்ணினாள். பைண்டர் ஓரத்தை நறுக்கியதில் தேதியும் பக்க எண்ணும் போய்விட்டன. அத்தியாய எண் மட்டும் மிஞ்சியது. பதினான்கு வயதில் அதைப் படித்தேன். ஒரு பஞ்சாலை எரிந்துபோகிறது. எரித்தவன் தன் தம்பி என்பது அக்காவுக்குத் தெரியும். முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் அவள் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு தம்பியைப் பார்க்கச் சிறைக்குப் பஸ் ஏறுகிறாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் முப்பத்து மூன்றாம் அத்தியாயம். கோர்ட்டுக் கூண்டில் நிற்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

அந்த ஒன்றும் இல்லாத இடத்தில்தான் நான் வளர்ந்தேன். முப்பத்திரண்டு என்ற எண்ணையே எழுத்தாளர் வேண்டுமென்று தாண்டியிருக்கிறார், அக்காவும் தம்பியும் பேசியதைக் கேட்க நமக்கு உரிமை இல்லை என்று கதவைச் சாத்தியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். எம்.ஃபில். படிக்கும்போது அதையே ஆய்வாக எடுத்தேன். விடுபட்ட அந்த எண்ணைப் பற்றி மட்டும் பதினான்கு பக்கம் எழுதினேன். சொல்லாமல் விடுவதே கலை, சொல்லித் தீர்ப்பது வியாபாரம் என்பது என் வாதம். வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்தவர் எழுந்து நின்று பாராட்டினார். அவர் அந்த நாவலைப் படித்திருக்கவில்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். என் நெறியாளரும் படித்திருக்கவில்லை. புத்தகம் அப்போது அச்சில் இல்லை. நூலகத்தில் தேடினாயா என்று கேட்டிருந்தால், பதிப்பாளன் கை வைத்த புத்தகத்தைவிடத் தொடராக வந்த மூல வடிவமே எனக்குப் போதும் என்று தலை நிமிர்ந்து சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. முப்பத்தொன்றிலிருந்து முப்பத்து மூன்றுக்குப் போனால் நடுவில் ஒரு தாள் தொலைந்திருக்கும் என்று கடையில் சில்லறை எண்ணுகிறவனுக்குக்கூடத் தோன்றியிருக்கும். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு அந்த நாவல் படமாக வந்தது. உனக்குப் பதினாறு வயது. மூன்று பேரும் சேர்ந்து போனோம். சிறையில் அக்காவும் தம்பியும் பேசும் காட்சி வந்தபோது நான் இருட்டில் சத்தமாகவே சிரித்தேன். வெளியே வந்தபோது உன் கண் சிவந்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் முந்திக்கொண்டேன். நாவலில் அப்படி ஒரு காட்சியே கிடையாது, உன்னை மாதிரி ஆட்களை அழ வைக்க ஒட்டவைத்தது, நீயும் கரெக்டாக அழுதுவிட்டாய் என்றேன். உன் அப்பா சாவியைத் தேடுவதுபோலப் பாக்கெட்டைத் தடவினார். அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் பற்றியும் நீ என்னிடம் முதலில் அபிப்பிராயம் சொன்னதில்லை. நான் சொல்லி முடித்த பிறகு, ஆமாம்மா என்பாய். அதை நான் ரசனை வளர்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளை வளர்ப்பில் நான் செய்த தவறுகளைப் பட்டியல் போட்டால் அந்த வண்டி நிறுத்துமிடம்தான் முதலில் வரும். அன்றைக்கு நான் சொன்னது சரியாகவே இருந்திருந்தாலும் அது முதலில்தான் வரும்.

இரண்டு வருடம் முன்பு சென்னையில் வேலைக்குப் போன இடத்தில், சனி ஞாயிறுகளில் ஒலிநூல் வாசிக்கிறேன் என்று போனில் சொன்னாய். நல்லது என்றேன். குரலில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். பிறகு அதே நாவல் உன்னிடம் வந்தது. அட்டையில் நடிகர் படம் போட்ட மறுபதிப்பிலிருந்து வாசிக்கப் போகிறாய் என்றதும், நடிகர் மூஞ்சி போட்ட புத்தகத்தை நான் கையால் தொடுவதில்லை என்றேன். நான் தொட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும். நீயோ, "உனக்காகத்தாம்மா இதுக்கு ஒத்துக்கிட்டேன். ஒரு தடவ கேளு" என்றாய். கேட்கிறேன் என்று சொல்லி மூன்று மாதம் கேட்காமல் இருந்தேன்.

உன் அப்பா கேட்டார். பசுமலைப் பக்கம் அவருடைய மோட்டார் கடையில், எரிந்துபோன பம்புசெட்டுகளைப் பிரித்துப் போட்டுச் செம்புக் கம்பியால் காயில் கட்டிக்கொண்டிருக்கும்போது, உன் குரல் அலமாரி மேலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒருநாள் சாவி வாங்கப் போனேன். மாரி என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டார். இருபது வருடமாக அங்கே காயில் கட்டுகிறவர், பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு முடித்தவர். செம்புக் கம்பியிலிருந்து கையை எடுக்காமல், "அக்கா, தம்பிய ஜெயில்ல போய்ப் பாத்துட்டு வந்து அந்தப் புள்ள அப்படியே மாத்திச் சொல்லுது பாருங்க. எனக்கு நேத்து ரெண்டு சுத்து தப்பாப் போச்சு" என்றார். பக்கத்து ஸ்டூலில் மோட்டாருக்காகக் காத்திருந்த ஒரு விவசாயி, "எம்புட்டு நேரமாச்சு, நீ கதை கேட்டது போதும்ணே, என் மோட்டாரக் கட்டு. நாத்து காயுது" என்றார். உடனே, "அடுத்ததையும் போட்டுவிடு" என்றும் சொன்னார். கடை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறையில் போய்ப் பார்த்தாள் என்ற வார்த்தை என் காதில் ஏறிவிட்டது. படத்தில் ஒட்டவைத்த காட்சியை இவர்கள் புத்தகத்திலும் நுழைத்துவிட்டார்கள், அதை என் மகன் வாயாலேயே வாசிக்க வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே அந்த அத்தியாயத்தைப் போட்டேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போட்டேன். நீ இருமவில்லை, செருமவில்லை. அக்கா பேசும்போது குரலை மெலிதாக்கவும் இல்லை. சிறைக் காவலர் ஒருவர் நீதியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார், எரிச்சலாக இருந்தது. பிறகு தூக்குவாளியைத் திறக்கும் சத்தம் பற்றி ஒரு வரி. தம்பி சாப்பிடுகிறான். நீ அங்கே நிறுத்தினாய். எவ்வளவு நேரம் நிறுத்தினாய் என்று தெரியவில்லை. நின்றுவிட்டதோ என்று போனைப் பார்க்கும் அளவுக்கு நிறுத்தினாய். பிறகு, "உப்பு கொஞ்சம் கம்மிக்கா" என்றாய். நரம்பு எடுக்காத பூவோடு என் கை அப்படியே நின்றது. கறை பிடித்து விரல் கறுத்துவிட்டது, குழம்புக்கு வைத்த புளி கரைக்கப்படாமலே கிடந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் நீளமாக ஒரு விமர்சனம் எழுதினேன். வேறொரு பெயரில். இந்த அத்தியாயம் மூலத்தில் கிடையாது, படம் வந்த பிறகு மறுபதிப்பில் திருட்டுத்தனமாகச் சேர்க்கப்பட்டது, இந்நாவலை ஆய்வு செய்தவள் என்ற முறையிலும் மூலத் தொடரைக் கையில் வைத்திருப்பவள் என்ற முறையிலும் சொல்கிறேன் என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். வாசிப்பவர் இந்தப் போலிச் சரக்கில் காட்டும் உருக்கம் அருவருப்பாக இருக்கிறது என்றும் எழுதினேன். அந்தச் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான்தான். எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டது, பிடிக்கக்கூடாத இடத்தில் பிடித்துவிட்டது. அதற்கு நான் தீர்த்துக்கொண்ட பழி அது.

கம்பெனிக்காரர்கள் பயந்துவிட்டார்கள். எழுத்தாளரின் வாரிசுகள் சண்டைக்கு வருவார்களோ என்று உன் பதினெட்டு மணி நேர வாசிப்பை அப்படியே எடுத்துவிட்டார்கள். உனக்கு அடுத்த வேலை கொடுக்கவும் இத்தனை நாள் எடுத்துக்கொண்டார்கள். நீ என்னைத்தான் கூப்பிட்டாய். "யாரோ ஒரு ஆய்வாளராம்மா, மூலத் தொடர்ல இந்த அத்தியாயமே இல்லேங்கிறாங்க. உன் பைண்டுல இருக்கும்ல, முப்பத்திரண்ட போட்டோ எடுத்து அனுப்பு. அவுங்க வாய அடைச்சுர்றேன்" என்றாய். உலகத்தில் வேறு யாரை நம்பியிருந்தாலும் உனக்கு நல்லது நடந்திருக்கும். பார்க்கிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்து, பரண் மேல் இருந்ததைக் கரையான் அரித்துவிட்டது என்றேன். பைண்டு அப்போது என் மடியில் இருந்தது. நீ, பரவாயில்லை விடும்மா, உனக்குத்தான் கஷ்டமா இருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொன்னாய்.

பொய் சொன்னபோதுகூட நான் சொன்ன அபிப்பிராயம் சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பைண்டைக் காட்டினால் நீ வாசித்ததுதான் போலி என்று ஆகிவிடும், உன்னைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கரையான் என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில், மூன்று வாரம் முன்பு, கல்லுப்பட்டிக்குப் போன் போட்டு என் அம்மாவிடம் கேட்டேன். அந்தத் தொடரில் முப்பத்தொன்றுக்கு அடுத்து என்ன வந்தது என்றேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "அதுவா, அந்தத் தாளுக்குப் பின்பக்கம் ப்ளவுஸ் கட்டிங் போட்டிருந்தான். எனக்குத்தான்னு டீச்சர் கிழிச்சுட்டுப் போயிட்டா. நான் கேட்டதுக்கு, ஒரு வாரக் கதைதான, படிச்சாச்சுல்லங்கிறா. சண்ட போட்டுப் பத்து நாள் பேசாம இருந்தோம்" என்றாள். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கலையே" என்றாள். அதைப் பற்றித்தான் பதினான்கு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கினேன் என்றேன். "இல்லாத பக்கத்தப் பத்தியா பதினாலு பக்கம் எழுதுன?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். நானும் சிரிக்க முயன்றேன்.

அன்று சாயந்திரமே கடைக்குப் போய் நடிகர் மூஞ்சி போட்ட புத்தகத்தை வாங்கினேன். கடைக்காரர், "படம் பாத்துட்டீங்களா மேடம்? அதே மாதிரியே இருக்கும்" என்றார். நின்றவாக்கிலேயே முப்பத்திரண்டாம் அத்தியாயத்தைப் படித்தேன். முன்னுரையில் தொடராக வந்தபோதே அந்த அத்தியாயத்துக்கு வந்த வாசகர் கடிதங்களைப் பற்றி ஒரு பத்தியே இருந்தது; கதையை மட்டும் வாசித்த உனக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் அது கண்ணில் படவில்லை போலிருக்கிறது. ஆக, எழுத்தாளர் கதவைச் சாத்தவில்லை. அகலத் திறந்து வைத்திருந்தார். நான் சொல்லப் போவது உனக்கு ஆச்சரியமாக இருக்காது. அத்தியாயம் நன்றாக இல்லை. ஏழு பக்கத்தில் ஐந்து பக்கம் காவலரின் பிரசங்கம். அக்கா மூன்று முறை விம்முகிறாள், மூன்று முறையும் ஒரே உவமை. உப்பைப் பற்றிய அந்த வரி, பிரசங்கத்தின் நடுவில், ஒரு பத்தியின் மூலையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. கண்ணால் படித்தபோது அதைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்து தேட வேண்டியிருந்தது. எழுதினவருக்கே தெரியாமல் அங்கே விழுந்து கிடந்ததை நீ எடுத்துத் துடைத்து, சுற்றிலும் இடம் விட்டு வைத்திருக்கிறாய். அதற்கு நீ செய்தது ஒன்றே ஒன்றுதான், நிறுத்தினாய். சொல்லாமல் விடுவதைப் பற்றி நான் எழுதிய பதினான்கு பக்கத்திலும் இல்லாத ஒன்றை நீ ஒரு மூச்சில் செய்திருக்கிறாய். நான் அதைத்தான் அருவருப்பு என்று எழுதினேன்.

இதனால் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. அந்த டீச்சர் கிழித்தது நல்லதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். பஸ் ஏறியவள் கூண்டில் இறங்குவதுதான் சிறந்த நாவல், பிளவுஸ் தைப்பதற்காகக் கிழித்தவளுக்கு இருந்த எடிட்டர் புத்தி எழுதினவருக்கு இல்லை. அந்தப் படமும் மோசம்தான், மழையும் வயலினும் மோசம்தான். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பவர்களைப் பற்றியும் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன், பெற்றவள் என்ற முறையில் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதோ இல்லையோ. மட்டமாகப் பேசுவது புத்திசாலித்தனம் மாதிரியே இருக்கும். உடனே கைக்கு வரும். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள், முக்கால்வாசிப் பேர் படித்திருக்க மாட்டார்கள், மீதிப் பேர் உன் வாய்க்குப் பயந்து சும்மா இருப்பார்கள். இருபத்தைந்து வருடம் என்னை யாரும் திருத்தாததற்கு அதுதான் காரணம். நாளைக்கு நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் ஒரு படத்தைப் பார்த்து அழுதுகொண்டே வெளியே வந்தால், வண்டியை எடுத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வா. அவள் முதலில் பேசட்டும். படம் கேவலமாக இருந்தால் மறுநாள் சொல்லிக்கொள்ளலாம், படம் எங்கேயும் ஓடிவிடாது.

அந்தக் கம்பெனிக்கு என் சொந்தப் பெயரில், நான் எழுதியது தவறு, மூலத்தில் அத்தியாயம் உண்டு, என் பிரதியில்தான் தாள் இல்லை என்று காலையில் எழுதிவிடுகிறேன். முன்னுரைப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கலாம். வெட்கம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்த அடுத்த நாவலை வாசி. எந்த நாவல் என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மகா மட்டமான நாவல். இருந்தாலும் வாசி.

*

திங்கட்கிழமை நடந்தது இது. காலை ஏழு மணிக்கு இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். கம்பெனிக்கும் எழுதினேன். கருத்துக்கு நன்றி, மேலும் பல நூல்களைக் கேட்டு மகிழுங்கள் என்று உடனே ஒரு பதில் வந்தது. மனிதர் எழுதியது இல்லை. அலுவலகத்தில் நான்கு ஃபைல் தப்பாகப் பார்த்தேன். ஆறேகாலுக்கு நீ கூப்பிட்டாய். அப்பா பிரஷர் மாத்திரை வாங்கிவிட்டாரா என்று கேட்டாய். வாங்கிவிட்டார் என்றேன். காலை ஒன்பதரைக்கே அவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டதாகவும், மதியச் சாப்பாட்டின்போதுதான் என் கடிதத்தைத் திறந்ததாகவும் சொன்னாய். பிறகு மறுபடி அவர்களைக் கூப்பிட்டாயாம். வேறு ஒருத்தருக்குக் கொடுத்தாயிற்று, அடுத்தது வந்தால் பார்க்கலாம் என்றார்களாம். பழைய வாசிப்பை எப்போது திரும்ப ஏற்றுவார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லையாம். ஒரு வாரம் முன்பே எழுதியிருக்கலாம் என்று உன் குரல் சொல்லிவிடும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"அந்த அத்தியாயம் எனக்கும் பிடிக்கலம்மா" என்றாய். "அந்த வார்டர் பேசுறத மூணு தடவ ரெக்கார்டு பண்ணோம், சிரிப்பா வந்துச்சு."

"அப்புறம் ஏன்டா அப்படி வாசிச்ச?" என்றேன்.

"புத்தகத்துல இருந்துச்சு. வாசிச்சேன்" என்றாய். பின்னால் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பச்சை பைண்டை நாளைக்கு பஸ் பார்சலில் போடச் சொன்னாய், அந்த அத்தியாயத் தாள் இல்லாமல் வாசித்தால் எப்படி இருக்கும் என்று வாய்விட்டுப் பார்க்க வேண்டுமாம். அப்பாவைப் போட்டுவிடச் சொல்கிறேன் என்றேன். வைத்துவிட்டாய்.